தைலமரக் காட்டில் என் அம்மா

என் அம்மாவைப் பற்றிய பேய்க்கதையை நான் முழுசாகக் கேட்டது கம்பெனியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

பாட்டில் மூடி செய்யும் கம்பெனி அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. பேக்கிங் பிரிவில் நாங்கள் எல்லோரும் பெண்கள், எல்லோரும் கான்ட்ராக்ட். சுற்றுச்சுவரைத் தாண்டினால் தைலமரக் காடு. எப்போதோ அரசாங்கம் நட்டது. அதற்கு நடுவே வேலிகாத்தான் முள் தானாக முளைத்து, ஆள் நுழைய முடியாதபடி சில இடங்களில் அடைத்துக்கொண்டிருக்கும். கேன்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வெளிர்ப்பட்டை மரங்கள் வரிசையாகத் தெரியும்.

அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கை கழுவிவிட்டு அந்த ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள், காட்டு வழியாகப் போனால் ஸ்டேஷன் கிட்டமா என்று. என் எதிரில் உட்கார்ந்திருந்தவள் சோற்றுக் கையோடு தடுத்தாள். அவள் ஆரம்பாக்கத்துக்காரி. என்னோடு ஒரே லைனில் நிற்பவள். உடம்பு முடியாத நாளில் என் வேலையையும் சேர்த்துச் செய்து கொடுப்பாள்.

"அந்தாண்ட கால வெச்சுடாத. அங்க ஒரு சூனியக்காரி கீறா."

"உயிரோடயா?"

"செத்துப் பூட்டா. ஆனா போவல, அங்கயேதான் சுத்திக்கினு கீறா. உயிரோட இருக்கச் சொல்லவே வயித்துல கீற புள்ளய உறிஞ்சிடுவாளாம். முட்டி வரைக்கும் முடி. பல்லு ஒண்ணொண்ணும் ரம்பம் மாரி இருக்குமாம். நம்ம அம்மா குரல்லயே கூப்புடுவா. திரும்பிப் பாத்தா முடிஞ்சிது."

பக்கத்து மேசையிலிருந்த பீகார்ப் பெண் தனக்குத் தெரிந்த தமிழில் சேர்த்துக்கொண்டாள், பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும் என்று. புதிதாக வந்தவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

நான் டிபன் டப்பாவை மூடினேன். என் அம்மாவுக்கு முன்பற்களே கிடையாது.

காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்தான் நான் பிறந்த ஊர். கம்பெனியில் யாருக்கும் அது தெரியாது. கேட்டால் பொன்னேரி என்பேன். அங்கே சித்தி வீட்டில் வளர்ந்ததால் அது பொய்யும் இல்லை.

அப்பா நெடுஞ்சாலையில் லாரி அடித்துச் செத்தபோது எனக்கு நினைவு தெளிவாக இல்லாத வயது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். வேலை இல்லாத மாதங்களில் தைலமரக் காட்டில் காய்ந்த கிளை பொறுக்கி, கட்டி, டீக்கடைகளுக்கு விற்றாள். அதிகம் பேசமாட்டாள். வெயிலில் நடந்து வரும்போது தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வருவாள். கிட்டத்தில் போய்க் கேட்டால், அன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். பின்னாளில் அதைத்தான் மந்திரம் என்றார்கள்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். அந்த வீட்டு மருமகளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. முதல் முறை கலைந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் கலைந்தது. அதற்கு முந்தின நாள் அம்மா அவர்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு பிடி புளி கடன் கேட்டிருந்தாள். குறி சொல்கிறவரிடம் போனார்கள். மேற்கே பார்த்த வீட்டில், ஆண் துணை இல்லாத ஒருத்தி வைத்த வினை என்று அவர் சொன்னாராம். எங்கள் வரிசையில் எல்லா வீடும் மேற்கே பார்த்துதான் இருந்தது. ஆண் துணை இல்லாத வீடு எங்களுடையது மட்டும்.

நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்தபோது வாசலில் கூட்டம். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்கள் அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள். அதில் ஒருத்தி அந்த மருமகள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய மாமனார் கையில் அம்மிக்குழவி மாதிரி உருண்டையாக ஒரு கல். சூனியம் வைப்பவளின் முன்பல்லைத் தட்டிவிட்டால் மந்திரம் வாயில் நிற்காது என்று குறிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"உன்ன இன்னாவும் பண்ணமாட்டோம். பல்லு மட்டுந்தான். வாயத் தொற," என்றார் அவர். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஊசி போடும் டாக்டர் மாதிரி சொன்னார்.

என்னை யாரோ பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். என் முகத்தைத் தன் புடவையில் அழுத்திக்கொண்டாள் அந்தப் பெண், நான் பார்த்துவிடக் கூடாது என்று. அதனால் நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டேன். இன்றைக்கும் மிஷினில் மூடி சிக்கி உடைகிற சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது.

இரவு வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"யார் மேல குடுக்கறது?" என்றாள். காற்றாக வந்தது பேச்சு. "அல்லாரும் நம்மாளுங்கதான்."

அதற்கப்புறம் என்னைப் பொன்னேரிக்கு அனுப்பிவிட்டாள். அவள் வரவில்லை. நான் பள்ளி முடித்து, கல்யாணம் ஆகி, கும்மிடிப்பூண்டியில் குடிவந்த பிறகும் எத்தனையோ முறை போய்க் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரரும் வந்து கூப்பிட்டார்.

"அங்க வந்தா மட்டும்? உங்கம்மாவுக்குப் பல்லு எங்கனு கேப்பாங்கோ. இன்னா சொல்லுவ?" என்றாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள்.

ஊரை விட்டு அவளை யாரும் துரத்தவில்லை. நடவுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். கடையில் சாமானைத் திண்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள், அவள் எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டுப் பக்கம் அவளே போகமாட்டாள். சுற்றிக்கொண்டு போவாள். பகலெல்லாம் காட்டில் இருந்தாள். அங்கே அவளைப் பார்த்து ஒதுங்க யாரும் இல்லை.

கத்திரி வெயிலில் ஒருநாள் அவள் காட்டிலேயே விழுந்துவிட்டாள். ஆடு மேய்க்கிற ஒருவர் பார்த்திருக்கிறார். கிட்டே போகவில்லை. ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னார். ஊரிலிருந்தும் யாரும் போகவில்லை. மறுநாள் காலை போலீஸ் வந்தது, அப்புறம் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஆடு மேய்க்கிறவர் என்னிடமே சொன்னார், ஒரு பெரிய விஷயத்தைத் தெரிவிக்கிற மாதிரி: "நான் பாக்கச் சொல்ல கையி அசைஞ்சிது மா. என்னத்தான் கூப்புட்டா. அதான் பயந்து ஓடியாந்துட்டேன்."

கையை அசைத்திருக்கிறாள். நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவரை அடிக்கவும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

குளிப்பாட்ட ஊர்ப் பெண்கள் யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்ற, நான் தேய்த்துவிட்டேன். எங்கள் வழக்கப்படி புதைக்க வேண்டும். புதைத்தால் எழுந்து வருவாள் என்று ஊரில் சொன்னார்கள். சண்டை போட எங்களுக்கு ஆள் இல்லை. ஏரிக்கரையில் எரித்துவிட்டு வந்தோம். எரித்தும், அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் எழுந்து வந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பிவிட்டது.

அந்தப் பேச்சுதான் சுவர் தாண்டி எங்கள் கேன்டீனுக்குள் வந்து சேர்ந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரோலிங் மில்லில் வேலை செய்கிறவர். சூட்டில் நின்று நின்று பேச்சே குறைந்துபோன மனிதர்.

"ஞாயித்துக்கெழம காட்டுக்குப் போலாம்," என்றேன்.

"போயி?"

"பாக்கணும்."

"இல்லாதத எப்டிப் பாப்ப?"

"அல்லாரும் பாக்கறாங்க. அவ பெத்த பொண்ணு நானு, எனக்கு மட்டும் காட்டமாட்டாளா?"

அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை எடுத்தார். காட்டு ஓரத்தில் ரோட்டிலேயே நின்றுகொண்டு, நீ போய்விட்டு வா என்றார்.

தைலமரத்தடியில் புல் முளைக்காது. காய்ந்த இலை மட்டும் மெத்தையாகக் கிடந்தது. காலை வைத்தால் நொறுங்கி, அந்த மருந்து வாசனை கிளம்பியது. கம்பெனிகள் கொட்டிய பிளாஸ்டிக் கழிவு, சாராய பாக்கெட், கிழிந்த செருப்பு. அவள் விழுந்த இடம் எது என்று போலீஸ்காரர் காட்டியிருந்தார், ஆனால் மரங்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. குத்துமதிப்பாக ஓரிடத்தில் நின்றேன். காற்றில் கொண்டை அவிழ்ந்து தலைமுடி முகத்தில் விழுந்தது. அதைக்கூட ஒதுக்கவில்லை.

"யம்மா," என்று கூப்பிட்டேன். மெதுவாகத்தான். பிறகு கொஞ்சம் சத்தமாக.

அவள் பேயாகவாவது இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. பல் ரம்பமாக இருக்கட்டும், கால் திரும்பி இருக்கட்டும். என் கழுத்தைப் பிடித்தாலும் பரவாயில்லை. அவள் கை அசைந்ததைப் பார்த்து யாரும் வரவில்லையே, நான் வந்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும். ரொம்ப நேரம் நின்றேன். ஒரு உடும்பு சரசரவென்று போனது. அவ்வளவுதான். அங்கே யாருமே இல்லை.

திரும்பலாம் என்று நினைத்தபோது மரங்களுக்கு நடுவில் இரண்டு பேர் தெரிந்தார்கள். வடக்கத்திப் புருஷனும் பெண்டாட்டியும், சுள்ளி பொறுக்க வந்தவர்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தலைச்சுமையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள். ஒன்றும் இல்லை, நில்லுங்கள் என்று நான் கையைத் தூக்கினேன். அதைப் பார்த்து இன்னும் வேகமாக ஓடினார்கள்.

அந்த வாரம் கேன்டீனில் கதை மாறியிருந்தது. சூனியக்காரியைப் பட்டப்பகலிலேயே பார்த்திருக்கிறார்களாம். பச்சைப் புடவை கட்டியிருந்தாளாம். கையைத் தூக்கிக் கூப்பிட்டாளாம். பச்சைப் புடவையை நான் அப்புறம் கட்டவே இல்லை.

அதற்கடுத்த வருஷம் காட்டில் ஒரு பகுதி எங்கள் கம்பெனிக்கு வந்தது. புது ஷெட் கட்டப்போவதாகச் சொன்னார்கள். இடத்தைச் சுத்தம் செய்ய வந்த ஜேசிபி ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வேறு ஆள் வந்தார். அவர் வண்டியில் ஹோஸ் வெடித்தது. அதற்கப்புறம் யாரும் வரமாட்டேன் என்றார்கள். கான்ட்ராக்டர் ஆந்திரா எல்லையிலிருந்து கட்டுக் கட்டுகிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். பேயை மரத்தில் ஆணியடித்துக் கட்டிப்போடுகிறவர். அமாவாசையன்று உச்சி வேளையில் வைத்திருந்தார்கள். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் பின்பக்க கேட் வழியாகப் போனார்கள். என்னையும் ஆரம்பாக்கத்துக்காரி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

காட்டிலேயே பருத்த மரம் ஒன்றின் அடியில் கோலம் போட்டு, பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கோழி எல்லாம் வைத்திருந்தார். நீளமான இரும்பு ஆணி ஒன்று குங்குமத்தில் கிடந்தது. ஊரிலிருந்தும் சிலர் வந்து நின்றார்கள். அந்த மாமனார் வந்திருந்தார். கல்லைப் பிடித்தவர். உடம்பு வற்றி, கம்பு ஊன்றி நின்றார். அவர் பார்வை கூட்டத்தின் மேல் போனது. என் மேலும் போனது. நிற்காமல் போய்விட்டது.

கட்டுக் கட்டுகிறவர் சுற்றிலும் பார்த்துத் தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்: "பேரு இன்னா? செத்தவ பேரு செப்புங்க. பேரு லேகுண்டா கட்டு நிக்காது, நைனா."

ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கான்ட்ராக்டர் அந்த மாமனாரைப் பார்த்து, "பெரிவரே, உனுக்குத் தெரியுமே," என்றார்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இன்னாவோ பேரு," என்றார். "சூனியக்காரினுதான் சொல்லுவோம். பேரு யாருக்கு நாபகம் கீது."

என் வாயில் அந்தப் பெயர் இருந்தது. போலீஸ்காரர் எழுதிக்கொள்ளக் கேட்டதற்குப் பிறகு யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. இனிமேலும் யாரும் கேட்கப்போவதில்லை. சொன்னால் அந்த ஆணி அவள் மேல் இறங்கும். சொல்லாவிட்டால், அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே இங்கே யாருக்கும் தெரியாது. ஆணியில் எனக்கு நம்பிக்கை இல்லை. காட்டில் அவள் இல்லை என்பதை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். இருந்தும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, பெண்ணுன்னு சொல்லிக் கட்டறேன்," என்றார் அவர். ஆணியை வைத்து அடிக்க ஆரம்பித்தார். தைலமரத்தின் பட்டை உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆரம்பாக்கத்துக்காரி என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பயப்புடாதக்கா. இத்தோட ஒழிஞ்சா," என்றாள்.

அந்த மரத்தையும் சேர்த்துத்தான் வெட்டினார்கள். லாரியில் காகித ஆலைக்குப் போய்விட்டது. புது ஷெட் வந்தது. தகரக் கூரை. காற்றே வராது. எங்கள் லைனை அங்கே மாற்றினார்கள். நான் நிற்கிற இடத்துக்குக் கீழே எந்த மரம் இருந்ததோ, தெரியாது.

பேய் போகவில்லை. புது ஷெட்டின் பெண்கள் கழிவறையில், கடைசிக் கதவுக்குள் இருப்பதாக இப்போது சொல்கிறார்கள். சூட்டில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் தண்ணீர் தெளிப்பதில்லை. நீ யார் என்று கேட்கிறார்கள்.

போன வருஷம் ஒடிசாவிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். முப்பது வயது இருக்கும், தனி ஆள். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவாள். அவள் தங்கியிருந்த அறையில் கூட இருந்தவளின் குழந்தைக்கு வாந்தி பேதி நிற்கவில்லை. அதே வாரம் எங்கள் லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். விழுந்தவளின் பக்கத்தில் நின்றிருந்தது இந்த ஒடிசாக்காரி. அவ்வளவு போதுமாக இருந்தது. கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் மேசை காலியாகும். ஆரம்பாக்கத்துக்காரிதான் முதலில் எழுந்து போனாள்.

"அது கண்ணப் பாத்தியாக்கா? உத்து உத்துப் பாக்குது," என்றாள்.

"அது கண்ணு அப்படித்தான்," என்றேன்.

"உனுக்கு இதெல்லாம் தெரியாது. நீ பொன்னேரிக்காரி."

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஒடிசாக்காரியின் எதிரில் உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, லைனில் பேஜாரு பண்ணாதம்மா, பொண்ணுங்க உன் பக்கத்துலயும் நிக்கமாட்டேங்குதுங்க என்றார்.

அன்றைக்கு வேலை விட்டதும் கேட்டுக்கு வெளியே அவளைப் பிடித்தேன். கல், பல், எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் எதைச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது?

"நீ ஊருக்குப் போயிடு," என்றேன். "இங்க இருக்காத. இவங்கோ நல்லவங்கதான். ஆனா இருக்காத."

அவள் என்னைப் பார்த்தாள். பயமே இல்லை அந்த முகத்தில். களைப்பு மட்டும்தான்.

"ஊர்ல இருந்துதான் அக்கா வந்தது," என்றாள். "அங்கே இதேதான் சொன்னது. அம்மாவை அடிச்சது. அம்மா இல்லே இப்போ. நான் ரயில் ஏறி வந்தது."

ஷிப்ட் விட்டவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அப்படித்தான் என்று தமிழில் சொன்னேன். என் அம்மாவின் பெயரையும் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள். வேன் வந்தது. ஏறிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, நின்றுவிட்டாள் என்றார். அறையையும் காலி செய்துவிட்டாளாம். எங்கே போனாள் என்று கூட இருந்தவளுக்குத் தெரியவில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் ஏதோ வேலை இருப்பதாகச் சொன்னாள் என்றாள் ஒருத்தி. ஸ்டேஷனில் பார்த்ததாக இன்னொருத்தி. அவள் நின்ற இடத்தில் கொஞ்ச நாள் யாரும் நிற்க மாட்டேன் என்றார்கள். அதனால் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.